ஒன்றுக்கு எதிராக அறுநூற்றுப் பதினான்கு

லாக்ரிட்ஜ் வரலாற்றுக் கழகத்துக்குள் போக இரண்டு கையெழுத்துகள் வேண்டும். ஒன்று நம் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது. மற்றதை வாசலில் உள்ள பதிவேட்டில் போட வேண்டும். காவலர் டியூயி இரண்டையும் பூதக்கண்ணாடியால் ஒப்பிடுவார்.

"பொருந்தலையே," என்றார்.

மறுபடி போட்டேன்.

"இப்பவும் பொருந்தலை. லைசென்ஸ்ல இருக்கிறவரு தெம்பா இருக்காரு."

"அது நாலு வருஷத்துக்கு முன்னால போட்டது."

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

"கல்யாணம் ஆச்சு. அவ செத்துட்டா."

டியூயி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பாரத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார்.

"அதுக்கு இதுல இடம் இல்லீங்க. கையில அடின்னு போட்டுக்கறேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். பதிவேட்டில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஒரு கடிதம்' என்று எழுதியிருந்தேன். டியூயி அதைப் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

என் பெயர் ஸ்டீஃபன் ஹுடாக். மூடிய சுரங்கங்களிலிருந்து வடியும் தண்ணீரில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. எப்போதும் நிறையவே இருக்கும். பிப்ரவரியில் என் மனைவி நோரீன் இறந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளுடைய சாம்பல் சமையலறை அலமாரித் தட்டில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், பழுப்புப் பெட்டி ஒன்றில் இருந்தது. அதை இன்னும் புதைக்கவில்லை. காரணம் அந்தக் கடிதம்.

கடிதத்தை எழுதியவர் எஸ்ரா ஹாக்கெட். இந்த நாட்டில் துப்பறிவதை ஒரு தொழிலாக ஆக்கிய முதல் ஆட்களில் ஒருவர். சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தவர். 1877இல் எங்கள் பள்ளத்தாக்கில் நிலக்கரி உடைக்கும் கூடம் ஒன்று எரிந்தது. உள்ளே இருந்த காவலாளியும் எரிந்தார். தீ வைக்கத் திட்டம் போட்டதை மாறுவேடத்தில் சாராயக்கடையில் உட்கார்ந்து தன் காதால் கேட்டதாக ஹாக்கெட் வாக்குமூலம் கொடுத்தார். அதை வைத்து ஐந்து சுரங்கத் தொழிலாளிகளைத் தூக்கில் போட்டார்கள். சிறை முற்றத்தின் வடக்குச் சுவரோரம் வரிசையாகப் புதைத்தார்கள். கல்லில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்றாம் எண் ஓவன் டெவ்லின். நோரீனின் எள்ளுத்தாத்தா.

அந்தச் சிறைதான் இப்போது வரலாற்றுக் கழகம்.

1891இல், ஹாக்கெட் சாகக் கிடந்தபோது, ஓவனின் விதவை ஆனிக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் ஹாக்கெட் ஏஜென்சியின் முத்திரை. ஒரு காது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காது போட்ட உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள். உள்ளே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆணை இருக்கும், அல்லது இனி வேலை தரக் கூடாதவர்களின் பட்டியல் இருக்கும். பிரித்தால் கிடைத்துவிட்டது என்று ஆகும். பிரிக்காதவரை அது இன்னும் வரவில்லை. இப்படிச் சில குடும்பங்கள் ஒரு குளிர்காலத்தையே ஓட்டியிருக்கின்றன. ஆனியும் அதையே செய்தாள். உறையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். அவளுக்குப் பின் மூன்று தலைமுறை டெவ்லின்கள் அந்தப் புத்தகத்தை ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு எடுத்துப் போனார்கள். ஒருவரும் உறையைத் தொடவில்லை.

நோரீனுக்குப் பயப்பட எதுவும் மிச்சமில்லாமல் போனபோது, ஆஸ்பத்திரித் தட்டில் இருந்த வெண்ணெய்க் கத்தியால் அதைப் பிரித்தாள்.

"திருமதி டெவ்லினுக்கு. தீ வைத்த வாரம் நான் உங்கள் பள்ளத்தாக்கிலேயே இல்லை. பிலடெல்பியாவில் பல்வலியோடு படுத்திருந்தேன். உங்கள் கணவர் பேசி நான் கேட்டதில்லை. தீ வைத்தவன் என்னிடம் சம்பளம் வாங்கியவன். என் பெயரில் போன வாக்குமூலத்தை எழுத்தர்கள் எழுதினார்கள். கையெழுத்தும் அவர்களே போட்டார்கள். முப்பது வருடமாக என் பெயரை நான் எதிலும் போட்டதில்லை. அதற்கு ஐந்து பேர் வைத்திருந்தேன். இது நானே போடுவது. ஓவன் டெவ்லின் அங்கே இல்லை. எஸ்ரா ஹாக்கெட்."

நோரீன் இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவரை அந்தச் சுவரோரத்துலேருந்து வெளிய எடு ஸ்டீவ். சர்ச் இடுகாட்டுக்குக் கொண்டு போ. அவர் பக்கத்துல என்னை வை."

சரி என்றேன். எளிதான காரியம் என்று நினைத்தேன். நான் கல்லூரியில் படித்தவன்.

*

ஏப்ரல் மாதம். முற்றத்தில் கழகம் ஒரு மண்டபம் கட்டத் தொடங்கியிருந்தது. பெயர் கையெழுத்து மண்டபம். மே ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றப் போகிறார்கள் என்று வேலியில் பலகை தொங்கியது. அதற்குப் பிறகு ஓவன் டெவ்லினை யாரும் எடுக்க முடியாது.

கடிதத்தைப் பரிசோதிப்பவர் மிஸ் ப்ரூயிட். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கடிதத்தை மேசையில் விரித்து, அதன் மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்தார். அட்டையின் அடியில் நீளமாக ஒரு துளை. துளை வழியே கையெழுத்து மட்டும் தெரிந்தது.

"படிக்கலையா?" என்றேன்.

"படிச்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும். பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். ஒரு ஆவணத்தைக்கூடப் படிச்சதில்லை." அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. "ஹாக்கெட் கையெழுத்து எங்ககிட்ட அறுநூத்திப் பதினாலு இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இவ்வளவு கிடையாது."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா?"

"அது எப்படி இருக்கும்? அவர் ஆழமான மனுஷன். அவர் கையெழுத்துக்கு அஞ்சு மனநிலை உண்டு. அமைதி, கோபம், களைப்பு, உற்சாகம், பக்தி. நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கேன்." புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "சில நாள்ல அஞ்சு மனநிலையும் ஒரே காலையில வந்திருக்கு. அவ்வளவு கொந்தளிப்பு அந்த மனசுல."

"கையெழுத்துப் போட அஞ்சு எழுத்தர்களை வச்சிருந்தேன்னு இந்தக் கடிதத்துல எழுதியிருக்காரு."

மிஸ் ப்ரூயிட் கண்களை மூடிக்கொண்டார்.

"சொல்லாதீங்க. அது உள்ளடக்கம். என் துறை இல்லை."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. காகிதமும் மையும் அந்தக் காலத்தவை. உறையும் முத்திரையும் அசல். கையெழுத்து ஐந்து மனநிலைகளில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஆகவே ஹாக்கெட் இதை எந்த மனநிலையிலும் எழுதியிருக்க முடியாது. போலி.

நான் அதைச் சமையலறையில் நின்று படித்தேன். பெட்டி அங்கேயே இருந்தது. அதனிடமா, அவளிடமா என்று தெரியாமல், "இரு," என்றேன்.

*

இரண்டாம் முறை போனபோது என் மாமனார் பேக்கி டெவ்லினும் வந்தார். நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. டியூயியும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"என்னடா டியூயி, உங்கப்பன் வீட்டு ஜெயிலா இது? கையெழுத்துக் கேக்கறே?"

"ரூல் பேக்கி. என்னையே தினம் காலையில ஒப்பிட்டுத்தான் உள்ள விடறேன்."

"யாரு ஒப்பிடறது?"

"நான்தான்."

"என்னைக்காவது பொருந்தாமப் போயிருக்கா?"

"ஒருநாள் போச்சு. வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டேன்."

கழகத் தலைவர் டாக்டர் ஆல்டன் மர்ரேயின் அறை முன்பு சிறை அதிகாரியின் அறையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றம். தோண்டிய மண், கம்பி வலை, சுவரோரம் ஐந்து சின்னக் கற்கள். மர்ரே எங்களுக்குக் காப்பி கொடுத்தார். மிகவும் கனிவான மனிதர்.

"மிஸ்டர் ஹுடாக், நான் வரலாற்றை நேசிக்கிறவன். அதனாலதான் அதுல புதுசா எதையும் சேர்க்க விடறதில்லை."

"கடிதத்தைப் படிச்சீங்களா?" என்றேன்.

"படிச்சேன். நான் நிர்வாகி. நான் படிக்கலாம்."

"நம்பறீங்களா?"

"அது என் சொந்த விஷயம்." காப்பியைக் கலக்கினார். "இது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த அறுநூத்திப் பதினாலும் பொய். எங்க பட்டியல் பொய், மிஸ் ப்ரூயிட் புத்தகம் பொய், இந்த மண்டபம் பொய். அஞ்சு பேரைத் தூக்குல போட்டதும் பொய். சாகப்போற ஒரு மனுஷனுக்குக் கடைசி நேரத்துல மனசாட்சி உறுத்திச்சுங்கிறதுக்காக இத்தனை பேரைத் தொந்தரவு பண்றது நியாயமா? ஒண்ணுக்கு எதிரா அறுநூத்திப் பதினாலு. நாம ஜனநாயக நாட்டுல இருக்கோம்."

"இது தொந்தரவுன்னா," என்றார் பேக்கி, "எங்க கொள்ளுத்தாத்தாவுக்குப் பண்ணதுக்கு என்ன பேரு?"

"அது வரலாறு."

பேக்கி காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். சத்தமாக வைத்தார்.

"சரிங்க. கடிதம் உங்ககிட்ட பொய்யாவே இருக்கட்டும். எலும்பையாவது கொடுங்க. எடுத்துட்டுப் போயிடறோம்."

மர்ரே வருத்தத்தோடு தலையசைத்தார்.

"அது எங்க சேகரிப்புல இருக்கு. கட்டடத்தோட சேர்ந்து வந்தது. பட்டியல் எண் 1877.3. சேகரிப்புலேருந்து எதையாவது நீக்கணும்னா நீக்கல் குழு கூடணும். அவங்க அக்டோபர்ல கூடுவாங்க."

"கான்கிரீட் மே மாசம் ஊத்தறீங்களே."

"அது கட்டடக் குழு."

இன்னொரு வழியும் இருப்பதாக அவரே சொன்னார். இறந்தவர் தாமே எதிர்ப்புத் தெரிவித்ததற்கு ஆவணம் இருந்தால் அவசரக் கூட்டம் போடலாம். ஓவன் டெவ்லினின் ஆவணம் கழகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய குற்ற ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் அடியில் ஒரு பெருக்கல் குறி.

மிஸ் ப்ரூயிட்டை வரவழைத்தார். அவர் கறுப்பு அட்டையோடு வந்தார்.

"அந்தக் குறி அவரு போட்டதுதானா?" என்றார் பேக்கி.

"சந்தேகமே வேண்டாம். அசல்."

"எதோட ஒப்பிட்டீங்க?"

"அவர் போட்டது இந்த ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. அதோட ஒப்பிட்டேன். நூறு சதவீதம் பொருந்துது."

பேக்கி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மூன்றாவது கல்லின் மேல் ஒரு தொழிலாளி தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்.

*

திங்கட்கிழமை மர்ரே எங்களை மீண்டும் அழைத்தார். நல்ல செய்தி என்றார்.

மண்டபத்தின் வரைபடத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே 'போலிகளை அறிவோம்' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள். கழகத்திடம் ஒரு போலிகூட இல்லை என்பது நெடுநாள் குறை. எங்கள் கடிதம் அதைத் தீர்த்துவிடும். மற்ற ஆவணங்களைப் போல இதை அட்டையால் மறைக்க வேண்டியதில்லை, முழுவதையும் காட்டலாம், போலிக்கு உள்ளடக்கம் ஒரு பொருட்டல்ல என்றார்.

ஒரு பாரத்தை என் பக்கம் நகர்த்தினார். 'இது போலி என்று அறிந்தே, முழு மனதோடு, கழகத்துக்கு நன்கொடையாக அளிக்கிறேன்.' கீழே கோடு. கடிதத்தைப் பிரித்தவள் நோரீன். அவளுக்குப் பின் அது என்னுடையது. ஆகவே என் கையெழுத்து.

"போடாதே மாப்ளே," என்றார் பேக்கி. "ஹாக்கெட்கூடப் பொய்யிலே தன் கையால போடலை. ஆள் வச்சுப் போட்டான்."

நான் பேனாவை எடுக்கவில்லை.

"அவசரம் இல்லை," என்றார் மர்ரே. "நன்கொடையாளர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அதையும் சொல்லிடறேன். வியாழக்கிழமை தளம் போடறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரும் ஒரு பெட்டி வைக்கலாம். மண்ணுலயே குழி. அதுக்கு மேல கான்கிரீட். நினைவுப் பெட்டி. நூறு வருஷம் கழிச்சு யாராவது திறப்பாங்க, அல்லது திறக்க மாட்டாங்க."

"எவ்வளவு பெரிய பெட்டி?" என்றேன்.

"ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம்."

"உள்ள என்ன வைக்கலாம்?"

"என்ன வேணும்னாலும். நாங்க பிரிச்சுப் பாக்கறதில்லை. அது எங்க மரபுக்கே விரோதம். மூடின இடத்துல குறுக்கே உங்க கையெழுத்து இருந்தாப் போதும்."

"குழி எங்க?"

மர்ரே ஜன்னல் பக்கம் கை நீட்டினார்.

"வடக்குச் சுவரோரமா. அங்க மண்ணு ஏற்கனவே இளகியிருக்கு."

பேக்கி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த அறைக்குள் அவர் தொப்பியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

"மூணாவது கல்லுப் பக்கத்துல கிடைக்குமா?" என்றேன்.

"தாராளமா. யாரும் கேக்கலை."

கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்தே, என் கையால். மர்ரே எழுந்து வந்து கைகுலுக்கினார். வரலாறு எனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்றார்.

வெளியே படியில் இறங்கும்போது பேக்கி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ சொன்னது இது இல்லை."

"இல்லைதான்."

"அவரை வெளிய கொண்டு வரச் சொன்னா."

"முடியலை மாமா."

சட்டையை விட்டார். "பக்கத்துல வைன்னு சொன்னா இல்ல? அந்தப் பாதியாவது ஆகட்டும்," என்றார்.

*

புதன்கிழமை சாயங்காலம் பேக்கி என் சமையலறைக்கு வந்தார். கையில் அவரே செய்த ஒரு அடி மரப்பெட்டி. பழுப்புப் பெட்டியை அதற்குள் வைத்தோம். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. ஆனியின் ஜெபப் புத்தகத்தைச் செருகினோம். கடிதம் இருந்த பக்கங்களில் உறையின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாதிரியாரைக் கூப்பிட்டால் கேள்வி வரும். எனவே பேக்கியே தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னார். பாதியில் மறந்துவிட்டது. தொடக்கத்திலிருந்து மறுபடி சொன்னார். மூடியை ஆணி வைத்து அடித்தேன். காகிதப் பட்டை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு பேர் பெட்டிகளோடு முற்றத்தில் நின்றோம். ஒரு பெண்மணி தன் கேக் செய்முறையைக் கொண்டு வந்திருந்தார். ஒருவர், இறந்துபோன தன் நாயின் கழுத்துப்பட்டையை. அதை அவரே எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது அழுதார். கான்கிரீட் வண்டி வேலிக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது.

மர்ரே பேசினார். "இந்த மண்ணுல என்ன இருக்குன்னு நம்ம யாருக்கும் தெரியாது," என்றார். "அதுதான் இதோட அழகு." கைதட்டினார்கள்.

டியூயி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவந்தார். என்னுடையதைக் கையில் வாங்கினார்.

"கனமா இருக்கே."

"ஆமா."

பேக்கியைப் பார்த்தார். பேக்கி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டியூயி பெட்டியைக் கொஞ்சம் இறக்கி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பட்டையையும் என் உரிமத்தையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பொருந்தலை," என்றார் மெதுவாக. "கையில அடின்னு போட்டுக்கறேன்."

குழிக்குள் இறங்கி, அவரே வைத்தார். போடவில்லை. வைத்தார். மூன்றாவது கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. பத்தரை மணிக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். மதியத்துக்குள் சமமாக்கிவிட்டார்கள். ஐந்து கற்களும் உள்ளேயே போய்விட்டன.

*

செப்டம்பரில் மண்டபம் திறந்தது. அறுநூற்றுப் பதினான்கு ஆவணங்களும் கறுப்பு அட்டைகளுக்குப் பின்னால், துளை வழியே கையெழுத்தை மட்டும் காட்டிக்கொண்டு வரிசையாகத் தொங்குகின்றன. ஜனங்கள் அவற்றை வேகமாகக் கடந்துபோகிறார்கள். மூலையில் உள்ள போலியின் முன்னால் மட்டும் நிற்கிறார்கள். அந்த மண்டபத்தில் படிப்பதற்கு இருப்பது அது ஒன்றுதான். சிலர் வாய்விட்டுப் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் மேலே உள்ள 'போலி' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். பள்ளிகளிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள். மிஸ் ப்ரூயிட் அந்த மூலைப் பக்கம் போவதில்லை. மர்ரே அங்கே வெளிச்சத்தைக் குறைக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். வடக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்காருவேன். தளம் குளிர்ச்சியாக இருக்கும்.

முதல் ஞாயிறு டியூயி பதிவேட்டை நகர்த்தினார். பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில், 'மனைவியைப் பார்க்க' என்று எழுதினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

டியூயி பூதக்கண்ணாடியை எடுத்துக் கையெழுத்தின் மேல் மட்டும் வைத்தார்.

"சரியா இருக்கு," என்றார். "போங்க."